ஸ்லைடையும் பிளாக்கையும் ஏன் திரும்பக் கேட்கிறார்கள்?

கேட்டவர் தாராவியில் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது, இடது மார்பில் கட்டி. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் ஊசி வைத்துச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ‘இன்வேசிவ் கார்சினோமா (சுற்றியுள்ள சதைக்குள் ஊடுருவும் புற்று), கிரேடு 3’ என்று ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஸ்லைடும் பிளாக்கும் வாங்கி வாருங்கள், நாங்களும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் முதல் ரிப்போர்ட் தப்பா? கிரேடு 3 என்றால் மூன்றாவது ஸ்டேஜா? சதை எடுத்ததால் பரவிவிடுமா? ஐஎச்சி என்று தனியாக ஒரு டெஸ்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்களே, அது அவசியமா?

நான் மும்பையில் பேத்தாலஜிஸ்ட், அதாவது எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை, எங்கள் கையெழுத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ரிப்போர்ட் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கிரேடு 3 மூன்றாவது ஸ்டேஜ் இல்லை. ஊசி போட்டதால் பரவாது. ஐஎச்சி, அதாவது செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட், கண்டிப்பாக வேண்டும். கையில் பணம் இழுபறியாக இருந்தால் வேறு எதையாவது தள்ளிப் போடுங்கள், இதை வேண்டாம்.

இனி விவரமாக.

உங்கள் அம்மாவிடமிருந்து எடுத்தது நூல் மாதிரி மெல்லிய சில சதைத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடுத்த உடனே அது ஃபார்மலினில் விழ வேண்டும். அங்கே ஊறி, பதப்பட்டு, அப்புறம் ஆல்கஹாலில் நீர் வற்றி, ஸைலீனில் தெளிந்து, உருகிய மெழுகில் ஊறுகிறது. மெழுகு சதைக்குள் முழுக்க இறங்கியதும் அச்சில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். விரல் நுனி அளவு மெழுகுக் கட்டி, நடுவில் பழுப்பாக உங்கள் அம்மாவின் சதை. இதுதான் பிளாக். வாழைக்காய் சீவுகிற மாதிரி அதை மைக்ரோடோம் கத்தியில் சீவுவார்கள், ஆனால் ஒரு சீவலின் தடிமன் மூன்று நான்கு மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகப் பிரித்தால் வரும் அளவு. அந்தச் சீவலைக் கண்ணாடியில் ஏற்றி, செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரிகிற மாதிரி சாயம் ஏற்றினால் ஸ்லைடு.

ஒரு ஸ்லைடு ஒரு சாயத்துக்கு மட்டும்தான். பிளாக் அப்படி இல்லை. இன்றைக்கு ஐஎச்சிக்குச் சீவலாம், அடுத்த வாரம் ஜீனை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்டுக்குச் சீவலாம், நாலு வருஷம் கழித்து புது மருந்து ஒன்று வந்து அதற்கு ஒரு ஜீன் டெஸ்ட் தேவைப்பட்டால் அப்போதும் சீவலாம். ஆனால் சதை கொஞ்சம்தான், சீவச் சீவத் தீரும். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்லைடோடு நிறுத்தாமல் பிளாக்கையும் கேட்கிறார்கள். உங்கள் ஃபைலில் எம்ஆர்ஐ, சிடி எல்லாம் போட்டோ மாதிரிதான். நோயின் உண்மையான பொருள் இந்த மெழுகுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

சரி, மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? புற்றுநோய் என்று சொல்வது பெரும்பாலும் கஷ்டமில்லை. எந்த வகை, எவ்வளவு மூர்க்கம், எந்த மருந்துக்குப் பணியும் என்பதில்தான் கண் பழக்கம் வேண்டும். சின்ன லேபில் ஒரே ஆள் காலையில் பித்தப்பை, மதியம் கர்ப்பப்பை, சாயங்காலம் மார்பு என்று எல்லாம் பார்க்கிறார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்புக்கு ஒரு குழு, எலும்புக்கு ஒரு குழு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு ஒரு குழு. மார்புக் கட்டிகளில் அபிப்பிராய பேதம் அதிகம் வருவது, பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்ப நோயா, சுவரை உடைத்து வெளியே வந்ததா என்ற எல்லைக்கோட்டில். தசை, மூளை, நிணநீர்க் கட்டிகளில் பேதம் இன்னும் அதிகம். சில சமயம் வகையே மாறும், வகை மாறினால் கீமோவே மாறும். உங்கள் விஷயத்தில் ரிவ்யூவிலும் அதே பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம். வந்தால் நல்லது, இரண்டு பேர் பார்த்துச் சொன்னது என்ற பலம் கிடைத்தது.

இந்தப் பழக்கம் பரேலுக்குப் புதிதில்லை. டாடா மெமோரியல் திறந்தது 1941 பிப்ரவரியில். அங்கே ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய வி. ஆர். கானோல்கர் ஒரு பேத்தாலஜிஸ்ட்தான். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வருஷக்கணக்கில் உரசி உரசி வரும் தோல் புற்றை ‘தோத்தி கேன்சர்’ என்று 1945-ல் எழுதியவர்களில் அவர் ஒருவர். வேட்டி கட்டும் நம் ஆட்களுக்கு இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

கிரேடுக்கு வருவோம். எல்லோரும் குழம்புகிற இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மார்புக் கட்டியில் நாங்கள் மூன்று விஷயங்களுக்கு மார்க் போடுகிறோம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. முதலாவது, செல்கள் இன்னும் குழாய் மாதிரி வட்டமாக அடுக்கி நிற்கின்றனவா. மார்பின் வேலையே பால் குழாய் அமைப்பதுதான். கட்டியில் முக்கால் பங்குக்கு மேல் குழாய் தெரிந்தால் 1, பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றால் 3. இரண்டாவது, செல்லின் கரு எப்படி இருக்கிறது: எல்லாம் ஒரே அளவா, அல்லது ஒன்று சின்னது, பக்கத்தில் இருப்பது அதைப்போல மூன்று மடங்கு, உள்ளே துருத்திய கருப்புள்ளியோடு கோணல்மாணலாக நிற்கிறதா. மூன்றாவது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. இதை லென்ஸை மாற்றி, கட்டியின் ஓரத்தில் பத்து இடம் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து எண்ண வேண்டும். பிரிகிற செல்லில் கருவின் சுவர் கரைந்து, குரோமோசோம்கள் நடுவில் ஒரு கறுத்த கம்பி மாதிரி வரிசை கட்டி நிற்கும், ஓரத்தில் மயிர் மயிராகத் தெரியும். செத்துச் சுருங்கிய செல்லும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விளிம்பு வழவழவென்று இருக்கும். அதைச் சேர்த்து எண்ணிவிட்டால் மார்க் ஏறிவிடும்.

மூன்றையும் கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 5 வரை கிரேடு 1, 6-ம் 7-ம் கிரேடு 2, 8-ம் 9-ம் கிரேடு 3. நாட்டிங்காம் முறை என்று பெயர், எல்ஸ்டன், எல்லிஸ் இருவரும் 1991-ல் இப்போதைய வடிவத்தைக் கொடுத்தார்கள். கிரேடு 3 என்றால் இந்தச் செல்கள் தன் குலத்தொழிலை மறந்து வேகமாகப் பெருகுகின்றன என்று பொருள், அவ்வளவுதான். வேகமாகப் பெருகும் செல்தான் கீமோவுக்கு அதிகம் அடிபடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வீட்டில் பயந்து கிடப்பவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஸ்டேஜ் வேறு கணக்கு. கட்டி எவ்வளவு பெரிசு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரல் எலும்பு என்று தூரத்தில் போயிருக்கிறதா, இதை வைத்துச் சொல்வது. இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிய, எங்கும் போகாத கட்டி கிரேடு 3 ஆக இருக்கலாம். அது முதல் ஸ்டேஜ்தான். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஏஜேசிசி என்ற அமெரிக்க அமைப்பின் எட்டாம் பதிப்பு ஸ்டேஜிங்கில் கிரேடையும் ஹார்மோன் ரிசல்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் ஒரு முறையும் வந்திருக்கிறது, அதனால் டாக்டர் சொல்லும் ஸ்டேஜ் நீங்கள் நெட்டில் பார்ப்பதோடு ஒட்டாமல் போகலாம்.

இப்போது ஐஎச்சி. உங்கள் அம்மாவின் சிகிச்சையைத் தீர்மானிக்கப் போவது இதுதான். மூன்று பெயர் வரும்: ஈஆர், பிஆர், ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அதாவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் செல்லில் வந்து ஒட்டும் இடங்கள். செல்லின் கரு பழுப்பாகச் சாயம் பிடித்தால் பாசிட்டிவ். நூறில் ஒரு செல் பிடித்தாலே பாசிட்டிவ் கணக்கில் வரும், ஒன்றிலிருந்து பத்து சதவீதம் வரை இருந்தால் ‘லோ பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்பிடுவோம். ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தபின் ஐந்து முதல் பத்து வருஷம் வரை தினம் ஒரு மாத்திரை. டமாக்சிஃபென் மாதிரி விலை குறைந்த மாத்திரைகள். நோய் திரும்பி வருவதை இவ்வளவு மலிவாகத் தடுக்கும் இன்னொரு மருந்து புற்றுநோயில் எனக்குத் தெரிந்து இல்லை. இந்த ரிசல்ட் தப்பாக நெகட்டிவ் என்று வந்தால் அந்த மாத்திரை அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. பல வருஷம் கழித்து எலும்பில் நோய் திரும்பும்போது யாரும் பழைய ஸ்லைடைத் தேடிப் போகப் போவதில்லை.

ஹெர்-2 கதை இன்னும் சுவாரசியம். மார்புப் புற்றில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். முன்பு ஹெர்-2 பாசிட்டிவ் என்று எழுதும்போதே கை தயங்கும், அவ்வளவு மோசமான வகை. 1998-ல் இந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் நிலைமை தலைகீழானது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014-ல் இதன் மாற்று வடிவத்தை இங்கே கொண்டுவந்த பிறகு விலையும் இறங்கத் தொடங்கியது. ரிப்போர்ட்டில் 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் மருந்து உண்டு. 2+ என்றால் ஐஎச்சியால் முடிவு சொல்ல முடியவில்லை, ஃபிஷ் செய்து ஜீனின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ‘பிளஸ் போட்டிருக்கிறதே, பாசிட்டிவ்தானே’ என்றும், சிலர் ‘ரெண்டுதானே, நெகட்டிவ்தான்’ என்றும் அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். 2+ வந்தால் ஃபிஷ் செய்யாமல் நகராதீர்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் டிரிப்பிள் நெகட்டிவ். நம் நாட்டில் இதன் பங்கு மேல்நாடுகளைவிட அதிகம். அதற்கு ஹார்மோன் மாத்திரையும் இல்லை, டிராஸ்டுசுமாப்பும் இல்லை, கீமோதான் முதுகெலும்பு.

ரிவ்யூ ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: ‘இன்டர்னல் கண்ட்ரோல்’. கட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சாதாரணப் பால்குழாயின் செல்கள் சிலவாவது ஈஆர் சாயத்தைப் பிடிக்க வேண்டும். அதுவும் சாயம் பிடிக்காமல் நின்றால் டெஸ்டே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கட்டி நெகட்டிவ் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது.

ஏன் வேலை செய்யாமல் போகும்? ஃபார்மலின்தான் பெரும்பாலும் காரணம். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. வெளியே எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும், சதையைப்போல பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நர்சிங் ஹோமில் மார்பு முழுவதையும் எடுத்தார்கள். முழுசாக, ஒரு கீறல்கூடப் போடாமல், அது கொள்ளாத டப்பாவில் அமுக்கி, மேலே ஒரு டம்ளர் அளவு ஃபார்மலின் ஊற்றி மூடிவைத்தார்கள். திங்கட்கிழமை எங்களிடம் வந்தது. மேல்தோல் ரப்பர் மாதிரி விறைத்திருந்தது. கத்தி வைத்தால் உள்ளே கட்டி கஞ்சி மாதிரி வழிந்தது, நாற்றம் வேறு. ஃபார்மலின் மணிக்குச் சுமாராக ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். கொழுப்பு மூடிய அவ்வளவு பெரிய உறுப்பில் நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் செல் தானே கரைந்துவிட்டது. பிரிகிற செல்லை எப்படி எண்ணுவது? ஈஆர் எதை வைத்துப் போடுவது? நல்லவேளை, அந்தப் பெண்மணிக்கு முன்பே எடுத்த ஊசி பயாப்சியின் பிளாக் பத்திரமாக இருந்தது, அதில் செய்தோம். சின்னத் துண்டுகள் சீக்கிரம் பதப்படும் என்பதால் ஊசி பயாப்சியில் ஐஎச்சி செய்வது பல விதத்தில் நல்லதே. ஆகவே ‘எப்படியும் ஆபரேஷன் பண்ணத்தானே போகிறார்கள், அப்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பரவும் பயத்துக்கு வருகிறேன். கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் கிளறிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வது மும்பை வந்தும் மாறவில்லை, கோலிவாடாவில் ஒரு அத்தை சொன்னால் செம்பூர் வரைக்கும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஊசிப் பாதையில் சில செல்கள் இடம்பெயர்வது உண்மை. பெரும்பாலும் அவை அங்கே பிழைப்பதில்லை, மார்பில் ஊசி பயாப்சி எடுத்ததால் ஆயுள் குறைவதும் இல்லை. விதிவிலக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்: விரைக் கட்டியில் விதைப்பை வழியாக ஊசி போடக் கூடாது, ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று தெரியும் சினைப்பைக் கட்டியைக் குத்த மாட்டார்கள். மார்புக்கு அந்தப் பேச்சே இல்லை. உண்மையில் கெடுதல் செய்வது இதற்கு நேர் எதிரான விஷயம். பயாப்சியே எடுக்காமல் ‘சின்னக் கட்டிதானே’ என்று வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வழியில்லாமல் நாலு துண்டாக அனுப்புவது. சில இடங்களில் அதையும் அனுப்பாமல் குப்பையில் போடுகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுக்கலாம் என்று சொல்ல வாய்ப்பு உண்டு, முக்கியமாக ஹெர்-2 பாசிட்டிவ் அல்லது டிரிப்பிள் நெகட்டிவ் என்று வந்தால். அப்படியானால் கட்டிக்குள் ஒரு சின்ன உலோக கிளிப் வைப்பார்களா என்று கேளுங்கள். கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால், ஆபரேஷனில் எடுத்த சதையில் அது எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கிளிப்பைத் தேடிப் பிடித்துத்தான் அந்த இடத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். ஒரு செல்கூட மிச்சமில்லை என்று எழுத முடிந்தால் அது இந்த வேலையில் கிடைக்கும் நல்ல நாள். இந்த வகைகளில் அப்படி வந்தவர்களுக்கு நோய் திரும்புவது நன்றாகக் குறைகிறது. மிச்சம் இருந்தாலும் அந்தத் தகவல் வீண் இல்லை. ஹெர்-2 பாசிட்டிவில் கீமோவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தவர்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது: மூன்று வருஷம் முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய மருந்தில் 77 சதவீதம், புது மருந்தில் 88 சதவீதம். யாருக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னது ஸ்கேன் இல்லை, எங்கள் ஸ்லைடு.

மார்பைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு வாய்ப் புற்றைச் சொல்லாமல் விட முடியாது. குட்கா, மாவா என்று புகையிலை போடும் நம் ஆட்கள் நிறையப் பேர். நாக்கில் கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறோம், ‘டிஓஐ’ என்று ரிப்போர்ட்டில் வரும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்டேஜே மாறும். கழுத்து நெறிகளில் ஒன்றின் உறையை நோய் உடைத்து வெளியே வந்திருந்தால், ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷனோடு கீமோவும் சேரும். கழுத்தில் எதுவும் தட்டுப்படாத ஆரம்ப வாய்ப் புற்றிலும் முதலிலேயே கழுத்து நெறிகளை எடுத்துவிடுவது நல்லதா, வந்தபின் எடுத்தால் போதுமா என்று டாடா மெமோரியல் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கையால் தடவித் தெரியாத நோய் நெறிக்குள் இருந்ததைக் காட்டியது மைக்ரோஸ்கோப்தான்.

இன்னொன்று, நீங்கள் செய்யக்கூடியது. லேபுக்குப் போகும் ஃபாரத்தில் ‘லம்ப், லெஃப்ட் பிரெஸ்ட்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு முன்பு வேறு புற்று வந்ததா, கீமோ ஏதாவது ஆரம்பித்தாயிற்றா, வீட்டில் அக்கா தங்கை யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்று இருந்ததா, இதெல்லாம் எழுதச் சொல்லுங்கள். கழுத்தில் நெறி கட்டினால் நம் ஊரில் காசநோய் என்று வைத்து மாத்திரை ஆரம்பித்துவிடுவதும், கூடவே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அது லிம்ஃபோமாவாக இருந்தால் ஸ்டீராய்டில் நெறி தற்காலிகமாகச் சுருங்கும், பயாப்சியில் எங்களுக்குக் கிடைப்பது செத்த செல்கள்தான். ஃபாரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தது எழுதியிருந்தால் குறைந்தது இன்னொரு துண்டு கேட்போம்.

நாளைக்கு லேபுக்குப் போகும்போது ஒரிஜினல் ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். ஸ்லைடு, பிளாக் இரண்டிலும் இருக்கும் நம்பர் ரிப்போர்ட் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள், நம்பர் மாறினால் பரேலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில லேபில் பிளாக் தரத் தயங்கி, சீவி ஸ்லைடு மட்டும் தருகிறோம் என்பார்கள். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி பிளாக்கைக் கேளுங்கள், வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். ஸ்லைடு கண்ணாடி, டப்பாவோடு கொடுக்கச் சொல்லுங்கள், பேப்பரில் சுற்றி சட்டைப்பையில் போட்டு லோக்கலில் ஏறினால் பரேல் வருவதற்குள் தூள். பிளாக் மெழுகு, வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். ரிவ்யூ முடிந்ததும் மிச்ச பிளாக்கைத் திரும்பக் கொடுத்தால் வீட்டில் குளிர்ச்சியான இடத்தில், அம்மாவின் ஃபைலோடு சேர்த்து வையுங்கள். ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் கைக்கு வந்தபின் டாக்டரிடம் கேட்க வேண்டியது, முதலில் கீமோவா ஆபரேஷனா, ஏன் என்பதுதான். கிரேடைப் பற்றி அவரிடம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, அது இங்கேயே முடிந்தது.